தோலின் துவர்ப்பும் எஃகின் துருவும்

தோல் வெட்டும் கத்தி துருப்பிடித்தால் காற்றின் ஈரத்தையே பழிக்கிறோம். அக்கத்தி நாள்தோறும் தொடும் தோலுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றின் சாற்றில் பதனிட்ட தோல், டானின் எனப்படும் துவர்ப்பிகளைத் தன் இழைகளில் தாங்கியது. இயல்பிலேயே மெல்லிய அமிலத்தன்மை உடையது. உலர்ந்ததாகத் தோன்றும்போதும் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாத நீரைப் பற்றி வைத்திருக்கும்.

அந்த ஈரமும் அமிலமும் எஃகின் பரப்பிலிருந்து இரும்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றன. கரைந்த இரும்பு துவர்ப்பியோடு கூடி, காற்றின் உயிர்வளியை ஏற்றதும் கருநீலச் சேர்மமாகிறது. கடுக்காய்ச் சாறு ஊட்டிய கலம்காரித் துணியில் இரும்புக் கரைசல் பட்டதும் கருங்கோடு எழுவது இதே வேதிவினையால்தான். துணியில் கலையாகும் அக்கருமை, வெளிர்நிறத் தோலில் எளிதில் நீங்காத கறையாகிவிடும். துடைக்காத கத்தியால் கத்திக்கும் இழப்பு, தோலுக்கும் இழப்பு.

ஆதலின் கூர்க்கருவிகளைத் தோலுறையிலேயே நெடுநாள் செருகி வைக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. காப்புக்கென அமைந்த உறையே ஈரமும் அமிலமும் கலந்த பற்றுப்போல் ஆகிவிடுகிறது. வினை முடிந்ததும் கைவியர்வையின் உப்பு நீங்க உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப்படலம் இட்டு, உறைக்கு வெளியே வைப்பதே நன்று. எண்ணெயிலும் தேர்வு வேண்டும். ஆளிவிதை எண்ணெய் உயிர்வளியை ஏற்று இறுகிப் பிசினாகும். தேங்காய் எண்ணெய் நாட்பட்டுச் சிக்கடிக்கும்போது அதிலிருந்து கொழுப்பமிலங்கள் பிரியும். அவையும் மாழையை அரிக்கும். தையல் எந்திரத்துக்கு இடும் கனிம எண்ணெய்க்கு இவ்விரு குறையும் இல்லை. மீண்டும் வேலை தொடங்குமுன் அதைத் துடைத்துவிட வேண்டும். இன்றேல் தோல் அதை உறிஞ்சிக் கருக்கும்.

கூர் தீட்டுவதில் வெப்பமே பெரும்பகை. கரிம எஃகு, கடினமாக்கியபின் அளவான சூட்டில் பதமேற்றப்பட்டது. சாணைச் சக்கரத்தில் விரைந்து அழுத்தினால் மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறும். ஏறத்தாழ 220 பாகை செல்சியசில் வைக்கோல் மஞ்சளும், 300 பாகையை நெருங்குகையில் நீலமும் அதன்மேல் தோன்றும். நீலம் படர்ந்த விளிம்பு மென்மையுற்றது. எத்தனை முறை தீட்டினும் அதில் கூர் நில்லாது, அப்பகுதியைத் தேய்த்தே நீக்கவேண்டும். நீர் தோய்த்த கல்லில் பொறுமையாகத் தீட்டுவோர்க்கு இவ்விடர் இல்லை. கல் விட்டுச்சென்ற நுண்பிசிரை, குரோமியம் ஆக்சைடு பூசிய தோற்பட்டையில் பின்னோக்கி இழுத்து அகற்றலாம். அப்பசுமைத்தூள் எஃகினும் கடியது.

தோலைத் துளைக்கும் குத்தூசியின் முனையைத் தீட்டுவோர் பலர் பக்கங்களை மறந்துவிடுகின்றனர். பக்கத்தில் துருக்குழிகள் இருந்தால், விலகி வழிவிட வேண்டிய தோலிழைகளை அவை பற்றி இழுக்கும்; துளை கந்தலாகும், ஊசியை உருவவும் மிகுவிசை வேண்டும். மென்மையான உப்புத்தாளில் எண்ணெய் இட்டு, ஊசியின் நெடுக்குவாட்டில் தேய்த்துப் பளபளப்பாக்கிய பின்னரே முனைக்குத் திரும்ப வேண்டும்.