தபால் நிலையத்திலிருந்து சோர்போன் வரை



பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் காஸ்தோன் பஷ்லார் 1884இல் பார்-சுர்-ஓப் என்ற சிற்றூரில் பிறந்தவர். இளமையில் தபால்துறை ஊழியர். வேலை பார்த்துக்கொண்டே படித்து 1912இல் கணிதப் பட்டம் பெற்றார். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் போரிட்டுத் திரும்பியதும், சொந்த ஊர்ப் பள்ளியில் இயற்பியலும் வேதியியலும் கற்பித்தார். முனைவர் பட்டம் பெற்றது 1927இல், நாற்பதைக் கடந்த பிறகு. 1930இல் திழோன் பல்கலைக்கழகத்திலும், 1940 முதல் 1954 வரை பாரிஸின் சோர்போனிலும் பேராசிரியராக விளங்கினார்.

பழைய எண்ணங்களே புதிய அறிவுக்குத் தடையாவதுண்டு. அவற்றிலுள்ள பிழைகளைத் திருத்தித்தான் அறிவியல் வளர்கிறது என்பது அவர் கருத்து. நெருப்பு, நீர், காற்று, நிலம் கவிமனத்தில் எழுப்பும் கற்பனைகளையும் அவர் ஆராய்ந்தார்.

படிக்க வயது ஒரு தடையல்ல, நேயர்களே!