பட்டணம் பார்க்கப் போகிறீர்களா?

சரவணம்பட்டியிலிருந்து சென்னைப் பட்டணம் போய்த் திரும்பியவர்களிடம், "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், "கடலும் கடைத்தெருவுந்தான்" என்கிறார்கள். இதற்காகவா அவ்வளவு தூரம் பிரயாணம் செய்ய வேண்டும்?

கோவையில் இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்ட்ரலில் இறங்கலாம். ஆனால், வெள்ளிக்கிழமையன்று மட்டும் இறங்காதீர்கள்! நான் சொல்லப்போகும் இரண்டு பொருட்காட்சிசாலைகளுக்கும் அன்று விடுமுறை.

முதலாவது, ஜார்ஜ் கோட்டையில் இருப்பது. ஆங்கிலக் கம்பெனியார் 1639-ல் இடம் பெற்று எழுப்பிய அக்கோட்டையில் இன்று நமது சட்டசபை கூடுகிறது. 1947 ஆகஸ்டு 15-ந் தேதி அங்கே ஏற்றிய தேசியக் கொடியை அந்தப் பொருட்காட்சிசாலையில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளை அதன்முன் ஐந்து நிமிஷம் நிறுத்தி, முந்நூறு வருஷக் கதையைச் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தால் ஆகாத காரியம் அந்தத் துணியால் ஆகும்.

இரண்டாவது, எழும்பூரில் இருப்பது, 1851-ல் ஏற்பட்டது. அமராவதிச் சிற்பங்களையும், திருவாலங்காட்டு நடராஜர் திருவுருவத்தையும் தவறவிடாதீர்கள்.

மாலையில் மெரினா. இங்கேதான் ஓர் எச்சரிக்கை. நம் கொங்கு நாட்டுப் பிள்ளைகள் கிணற்றில் குதித்து நீந்தப் பழகியவர்கள். கடலையும் கிணறாக எண்ணிவிடுகிறார்கள். திரும்பும் அலை காலடி மணலை உருவி ஆளையும் இழுத்துவிடும். நீச்சல் தெரிந்தவர்களே மாண்டிருக்கிறார்கள். அங்கே குளிக்கக் கூடாதென்று தடை செய்திருப்பது வீணுக்கல்ல. பிள்ளைகளின் கையைப் பிடித்தபடி கரையில் உட்கார்ந்து, சுண்டல் தின்றுகொண்டே கடலைப் பாருங்கள். அழைத்துப் போனவர்கள் அத்தனை பேரும் சுகமாய் வீடு திரும்பினால்தானே பட்டணம் பார்த்த கதையைச் சொல்ல முடியும்?