அடுக்களையில் அடுப்பின் இடம்



சென்ற அறுவடைக்குப் பின் பண்டசோழநல்லூரில் ஒரு புதுவீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தேன். கூடத்திலும் அறையிலும் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுக்களைக்கு வந்தபோது வாயிற்படியிலேயே நின்றுவிட நேர்ந்தது. உள்ளே இருவர் சேர்ந்து நிற்க இடமில்லை. எட்டடி நீளம், ஆறடி அகலம். அதற்குள் எரிவாயு அடுப்பும், இண்டக்ஷன் அடுப்பும், தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலும், மிக்சியும், குளிர்சாதனப் பெட்டியும் குடியேறியிருந்தன. சிலிண்டர், மேடைக்கு அடியில் மரக்கதவிட்ட அலமாரிக்குள் அடைபட்டிருந்தது. எலி வருகிறதென்று தரையோரத்துத் துளையைச் சிமெண்டால் பூசியிருந்தனர். சுவரில் மாதா சுரூபம். அதன் முன் எரியும் மெழுகுதிரி. திரிக்கு ஒரு சாண் தள்ளி நைலான் திரைச்சீலை!

"சாமி, எல்லாம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது, பார்த்தீர்களா?" என்றார் அவ்வீட்டுத் தாய், பெருமை பொங்க.

அப்பெருமை நியாயமானதே. முப்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் ஊதுகுழலும் கையுமாய்க் கண் கலங்கியவர் அவர். ஆயினும் நாட்டு ஓடு வேய்ந்த அவருடைய பழைய அடுக்களை மூச்சுவிட்டது. ஓட்டின் இடுக்கிலும் இறவாரத்திலும் காற்று புகுந்து வெளியேறியது. புது அடுக்களையோ மூடிய பெட்டி.

பழையதெல்லாம் பாதுகாப்பானது என்று நான் சொல்ல வரவில்லை. 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள் மாண்டதை நம்மில் மறந்தவர் யார்? மதிய உணவு சமைத்த கீற்றுக் கொட்டகையில் பற்றிய நெருப்பே வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. அடுப்பு எரிந்ததில் பிழையில்லை. அது இருந்த இடமே பிழை.

எரிவாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலெழும்பாது, தண்ணீரைப்போல் தரையில் தேங்கும். ஆதலின் உயரத்துச் சன்னல் ஒன்று மட்டும் போதாது. தரையோரத்திலும் காற்று வெளியேற வழி வேண்டும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் இவ்வாயு கலந்தாலே தீப்பொறி பட்டதும் வெடிக்கும். அந்த அடுக்களையின் உயரம் ஒன்பதடி. அதன் கொள்ளளவைக் கணக்கிட்டுப் பார்த்தேன்: 14.2 கிலோ உருளையிலிருந்து அரைக் கிலோவுக்குச் சற்று மிகுதியாகக் கசிந்தாலே அறை முழுவதும் அந்நிலையை எட்டிவிடும். தரையோரத்தில் தேங்கும்போது அதனினும் குறைவானதே போதும். குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் தானாக ஓடி நிற்கையில் விசையில் சிறு பொறி தோன்றக்கூடும்; அதுவோ அலமாரியை ஒட்டியே நின்றது!

உருளையைத் திறந்த இடத்தில், சமதளத்தில், நிமிர்த்தி வைக்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். அலமாரிக்குள் வைத்தே ஆகவேண்டுமெனில் கதவின் அடியிலும் மேலும் காற்றுத் துளைகள் இன்றியமையாதவை. ரப்பர்க் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மிகாமல், கண்ணுக்குத் தெரியும்படி செல்லட்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுக. கசிவைச் சோதிக்கச் சோப்பு நீர் போதும்; தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் துணிச்சல்காரர்கள் இன்னும் நம்மிடையே உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன். எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. நம்மை எச்சரிக்கவே துர்நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அந்நாற்றம் வந்தால் அறையில் எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எரியும் திரியை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்து, எல்லாரும் வெளியேறிய பின் 1906 என்னும் எண்ணை அழைத்திடுக.

வெப்பமோ மேல்நோக்கிச் செல்வது. அடுப்புக்கு மேல் இரண்டரை அடிக்குள் மரப்பலகையோ, எண்ணெய்ப் புட்டியோ, துணியோ இருத்தலாகாது. குளிர்சாதனப் பெட்டியும் உள்ளே குளிர்விக்க வெளியே வெப்பத்தை உமிழ்கிறது. சுவரோடு ஒட்டிவிடாமல் பின்புறம் நான்கு விரற்கடையேனும் இடைவெளி விடுக. இண்டக்ஷன் அடுப்பின் அடியில் உள்ள காற்றுத் துளைகளைச் செய்தித்தாள் விரித்து அடைத்துவிடுகிறோம், அதுவும் தவறே.

மின்சாரத்திலும் கணக்கு உண்டு. 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் சிறு பிளக்கில் செருகினால் கம்பி சூடேறி உறை உருகும். மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்கு. அவ்வீட்டில் அவ்வடுப்பும் 1500 வாட் கெட்டிலும் ஒரே நீட்டுப்பலகையில் செருகப்பட்டிருந்தன. மொத்தம் 15 ஆம்பியர்! தொட்டுப் பார்த்தேன், கம்பி சுட்டது. அடுப்புக்குத் தனிக் கம்பியும் 16 ஆம்பியர் பிளக்கும் எர்த்தும் தேவை. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே தானாகத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வேண்டும். 2024 நவம்பர் 30இல் கரை கடந்த பெஞ்சல் புயலை அடுத்து நம் வட்டாரத்தில் எத்தனை வீடுகளில் வெள்ளம் புகுந்தது! பிளக்குகள் மேடைக்கு மேலேயே இருக்கட்டும். நனைந்த கருவியை மின்பணியாளர் சோதிக்கும்வரை இயக்கலாகாது.

இவற்றையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் அத்தாயின் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் இடித்துக் கட்ட வேண்டுமா, சாமி?" என்றார்.

"வேண்டாம் அம்மா, ஓர் உளி போதும்" என்றேன்.

மூத்த மகன் அன்று மாலையே அலமாரிக் கதவுகளைக் கழற்றினான்; தரையோரத் துளையை மீண்டும் திறந்து எலி புகாதபடி கம்பி வலை அடித்தான். மாதா சுரூபம் கூடத்துக்கு வந்தது. நீட்டுப்பலகை போய்த் தனிக் கம்பி வந்தது. குளிர்சாதனப் பெட்டியும் கூடத்துக்குப் பெயர்ந்துவிட்டது. வருவோர் போவோரெல்லாம் அதைத் திறந்து பார்க்கிறார்கள் என்பதே அத்தாயின் இப்போதைய குறை.