பத்துக்குப் பத்து அறையும் போடி இலவம் பஞ்சும்

பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா, இளம் வயதில் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். அந்தக் கச்சேரிகள் பெரும்பாலும் திறந்தவெளி மேடைகளில்தான் நடந்தன. திறந்தவெளியில் கிளம்பிய குரல் போனது போனதுதான்; திரும்பி வந்து தொல்லை கொடுக்காது. இன்று தேனி, சின்னமனூர், கம்பம் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் ஒரு அறையை ஒதுக்கி, மைக்கும் லேப்டாப்பும் வைத்துப் பாட்டுப் பதிவு செய்கிறார்கள். அங்கே குரல் சுவரில் பட்டுத் திரும்பத் திரும்ப வருகிறது. மைக் அத்தனையையும் சேர்த்தே பதிந்துகொள்கிறது.

வீட்டில் நல்ல பதிவு எடுக்க முடியுமா என்ற தயக்கமே வேண்டாம். கோடம்பாக்கத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் தன் வீட்டை ஒட்டி அமைத்துக்கொண்ட பஞ்சதன் ரெக்கார்ட் இன்னில்தான் ‘ரோஜா’ (1992) பாடல்கள் உருவாயின. அறை எங்கே இருக்கிறது என்பது முக்கியமல்ல. அதற்குள் ஒலி எப்படி நடந்துகொள்கிறது என்பதே முக்கியம்.

காலி அறையில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசைக்குப் பின்னால் ‘டிர்ர்ர்’ என்று ஒரு வால் கேட்கும். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே 10 அடி, அதாவது 3.05 மீட்டர் என்று வையுங்கள். நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடும். போய்த் திரும்ப 6.1 மீட்டர். ஆக, அந்த ஒரு தட்டல் வினாடிக்கு 57 முறை என்ற வேகத்தில் இரு சுவர்களுக்கும் இடையே அலைக்கழிகிறது.

அதே 57 இன்னொரு வேலையும் செய்கிறது. 57 ஹெர்ட்ஸ் அதிர்வுள்ள தாழ்ந்த சுரத்தின் அரை அலை அந்த 10 அடிக்குள் கச்சிதமாக அடங்கும். அந்தச் சுரம் வந்தால் அறையே சேர்ந்து முழங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றுமே 10 அடி என்றால் மூன்று திசையும் ஒரே சுரத்தில் முழங்கும். ஒலிப்பதிவுக்கு இதைவிட மோசமான அளவு இல்லை. 12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம் என்றால் முழக்கம் 48, 57, 64 ஹெர்ட்ஸ் என்று பிரிந்துவிடும். பேஸ் கித்தாரில் ஒரு சுரம் மட்டும் இடித்து, அடுத்த சுரம் காணாமல் போவதற்கு வாசித்தவர் காரணமல்ல, அறைதான்.

அறைக்குள் ஒலி அடங்காமல் நிற்கும் தொல்லையை முதலில் கணக்கில் பிடித்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். அங்கே ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக் கூடத்தில், பேசிய சொல் ஐந்தரை வினாடி வரை அடங்காமல் நின்றது. 1895-இல் அதைச் சரிசெய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகச் சுமந்து வந்து அடுக்கி, ஆர்கன் குழலை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவார். அந்த உழைப்பில் கிடைத்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, உள்ளே இருக்கும் மொத்த உறிஞ்சுதிறனால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் வரும். நம் 12-க்கு 10 அறை வெறும் பூச்சுச் சுவராக இருந்தால் சுமார் 2.8 வினாடி. நன்றாக உறிஞ்சும் பொருளை 10 சதுர மீட்டர் வைத்தால் அரை வினாடிக்குள் அடங்கிவிடும்.

சபைன் கையாண்டது மெத்தை. மெத்தைக்குப் பேர்போன இலவம் பஞ்சு நம் போடிநாயக்கனூரில் விலைக்குக் கிடைக்கிறது. இலவம் இழையைப் பெரிதாக்கிப் பார்த்தால் உள்ளே குழல். இழையின் பெரும்பகுதி வெறும் காற்றுதான். நீரில் மிதப்பதால் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு உடுப்புகளில் இதைத்தான் அடைத்தார்கள். ஒலி என்பது காற்றின் ஆட்டம். அந்த ஆட்டம் இழைகளுக்குள் நுழைந்து உராய்ந்து வெப்பமாகிறது. தெர்மாமீட்டருக்கு எட்டாத அளவு வெப்பம். கம்பம் பள்ளத்தாக்குத் தென்னையின் நாரும் இதே வேலையைச் செய்யும்.

எல்லாம் தடிமனைப் பொறுத்தது. சுவரை ஒட்டிய காற்று அசைவதில்லை. சுவரிலிருந்து கால் அலை தூரத்தில்தான் மிகுதியாக அசைகிறது. 1000 ஹெர்ட்ஸுக்கு அந்தத் தூரம் சுமார் 9 சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸுக்கு 87 சென்டிமீட்டர். ஒரு அங்குல ஃபோம் சுவரெல்லாம் ஒட்டினால் கீச்சொலி மட்டும் செத்து, கும்மென்ற முழக்கம் அப்படியே நிற்கும். முட்டை அட்டை அதைவிடவும் பயனற்றது. 4 அங்குலத் தடிமனில் சட்டம் அடித்து, பஞ்சைத் தையலிட்டு அடைத்து, சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே இன்னொரு 4 அங்குலம் இடைவெளி விடுங்கள். தாழ்ந்த சுரங்களின் அழுத்தம் மூலைகளில்தான் சேரும். எனவே மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை இன்னும் தடிமனாக நிறுத்துங்கள். மேலே போர்த்தும் துணியில் வாய் வைத்து ஊதினால் மூச்சு மறுபக்கம் போக வேண்டும். ரெக்ஸின் போர்த்தினால் உயர்ந்த சுரங்கள் பட்டுத் திரும்பும்.

ஒரு எச்சரிக்கை: இலவம் பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். பிளக் பாயிண்ட், விளக்கு, ஊதுவத்தி எதுவும் அருகில் கூடாது. செலவு செய்ய முடிந்தவர்கள், கல்லை உருக்கி நூற்ற ராக்வூலை வாங்கித் துணியால் நன்றாக மூடிப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

இவையெல்லாம் அறைக்குள் பிறந்த ஒலியை அடக்கத்தான். டி.சுப்புலாபுரம் விசைத்தறிச் சத்தமோ, வீரபாண்டி சித்திரைத் திருவிழா மேளமோ உள்ளே வருவதைப் பஞ்சு தடுக்காது. அதற்கு எடையும் அடைப்பும் வேண்டும். 9 அங்குலச் செங்கல் சுவரில் எடை ஏற்கெனவே இருக்கிறது; சத்தம் நுழைவது கதவிடுக்கிலும் ஜன்னலிலும்தான். அங்கே ரப்பர் பட்டை ஒட்டுங்கள்.

விலை உயர்ந்த மைக் வாங்கப் பணம் சேர்க்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பணத்தில் ஒரு பகுதியை முதலில் மூலைகளுக்குச் செலவிடுங்கள். சரிசெய்த அறையில் சாதாரண மைக் தரும் குரலை, வெறும் சுவருக்கு நடுவே எந்த மைக்கும் தராது.