அச்சமும் கவலையும் உணர்த்தும் ஆங்கிலத் தொடர்களில் துணைவினைகள்

'மகன் இரயிலைத் தவறவிட்டுவிடுவானோ என்று தாய் கவலைப்பட்டாள்' என்னும் தொடரை ஆங்கிலத்தில் பெயர்க்க முற்படுவோருக்குச் சொற்களால் இடர் ஏற்படுவதில்லை, துணைவினையால்தான் ஏற்படுகின்றது. இத்தொடரில் கவலையை உணர்த்துவது 'கவலைப்படு' என்னும் வினை மட்டும் அன்று. 'விடு' என்னும் துணைவினை, நிகழ்ச்சி முற்றுப்பெறுவதையும் அது விரும்பத்தகாதது என்பதையும் ஒருங்கே புலப்படுத்துகின்றது. இறுதி ஓகாரம் அது நிகழுமோ என்னும் ஐயத்தைத் தருகின்றது. தொல்காப்பியம் ஓகாரத்திற்கு ஆறு பொருள்களையும் நன்னூல் எட்டுப் பொருள்களையும் கூறுகின்றன. அவ்விரு வரிசைகளிலும் அச்சம் தனிப்பொருளாக எண்ணப்படவில்லை. ஆயினும் இக்காலத் தமிழில் 'விடு', எதிர்கால முற்று, ஓகாரம் ஆகிய மூன்றும் சேர்ந்துவிட்டால் 'பயம்' என்ற சொல்லே வேண்டுவதில்லை. 'எங்கே விழுந்துவிடுவானோ!' என்றாலே போதும்.

நிகழக்கூடும் என்பதையும் நிகழவேண்டா என்பதையும் ஒரே வடிவில் அடக்கும் மொழிகள் பல உள. சாலமன் தீவுகளில் வழங்கும் தோஅபைத்தா மொழியின் இத்தகைய இடைச்சொல் ஒன்றை லிக்டன்பெர்க் 1995இல் வெளிவந்த கட்டுரையில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆங்கிலத்தில் அவ்வாறு நிற்பது 'லெஸ்ட்' என்னும் சொல் ஒன்றே எனலாம். அதுவும் எழுத்து வழக்கிற்கே பெரிதும் உரியதாகிவிட்டது. மற்ற இடங்களில் ஆங்கிலம் இவ்விரு பொருள்களையும் பிரித்துவிடுகின்றது. விரும்பாமையை 'அஃப்ரெய்ட்', 'வரீட்' முதலிய சொற்களும், நிகழ்வதற்கான வாய்ப்பின் அளவைத் துணைவினையும் ஏற்கின்றன. 'மே', 'மைட்', 'குட்' என்பவை வாய்ப்பு உண்டு என்ற அளவில் நிற்பவை. 'வில்' அதனினும் நெருங்கிய எதிர்பார்ப்பைக் காட்டுவது.

'கேன்' இங்குப் பொருந்தாது. 'விழலாம்', 'விழக்கூடும்' இரண்டிற்கும் 'கேன்' என்றே பழகிய தமிழ் மாணவர் 'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஹீ கேன் ஃபால்' என்று எழுதுவதுண்டு. உடன்பாட்டுத் தொடரில் 'கேன்' ஆற்றலையோ பொதுவியல்பையோ குறிக்குமேயன்றி, குறித்த ஒரு நிகழ்ச்சி நேரக்கூடும் என்பதைக் குறிக்காது. கால இயைபும் கருதத்தக்கது. தமிழில் 'விடுவானோ என்று பயந்தாள்' என்னும்போது பயந்தவள் நின்ற காலமே உள்தொடரில் மாறாது நிற்கின்றது. ஆங்கிலத்தில் முதன்மை வினை இறந்தகாலம் ஆனவுடன் 'வில்' என்பது 'வுட்' ஆகவும் 'மே' என்பது பெரும்பாலும் 'மைட்' ஆகவும் மாறும். 'தவறவிட்டிருப்பானோ' என்னும் வடிவிற்கு 'மே ஹேவ்' அமைப்பு இணையாகும்.

ஓகாரத்தை வினாவாகவே கொள்வதால் விளையும் பிழை இன்னும் பெரிது. 'ஐ ஃபியர் வெதர் ஹீ வில் ஃபெயில்' என்னும் தொடர் வழக்கன்று எனினும் பொருள் விளங்கும். 'தோற்றுவிடுவானோ என்று சந்தேகமாக இருக்கிறது' என்பதை 'ஐ டவுட் ஹீ வில் ஃபெயில்' எனப் பெயர்த்தால் பொருளே தலைகீழாகிவிடும். அவ்வாங்கிலத் தொடரின் பொருள், அவன் தோற்கமாட்டான் என்று நினைக்கிறேன் என்பதாகும்.

எதிர்மறையில்தான் சிக்கல் முற்றுகின்றது. தமிழர் கவலையை வேறொரு வகையாலும் கூறுவர்: 'இரயிலைத் தவறவிட்டுவிடக் கூடாதே என்று கவலைப்பட்டாள்.' 'விடுவானோ' என்பது அஞ்சும் நிகழ்ச்சியைக் கூறுகின்றது. 'விடக் கூடாதே' என்பது விரும்பும் நிலையைக் கூறுகின்றது. இரண்டின் கருத்தும் ஒன்றே. 'கூடாது' என்பதற்கு நேராக 'ஷுட் நாட்' என்று போட்டு 'ஷீ வாஸ் அஃப்ரெய்ட் ஹீ ஷுட் நாட் மிஸ் த ட்ரெயின்' என்று எழுதினால் ஆங்கிலம் ஏற்காது. 'அஃப்ரெய்ட்' என்பதை அடுத்து அஞ்சும் நிகழ்ச்சியே வரவேண்டும். முன்னைய ஆங்கிலத்தில் அச்ச வினையை அடுத்து 'ஷுட்' வந்தபோதும் அது 'மைட்' என்பதன் பொருளையே தந்தது. ஆகவே பழைய நடையில் மேற்கண்ட தொடரைப் படிப்பவர், அவன் இரயிலைப் பிடித்துவிடுவானோ என்று தாய் அஞ்சியதாகவே கொள்ள நேரும். 'லெஸ்ட்' என்பதன் நிலையும் இதுவே. 'குறைவு' என்னும் பொருளுடைய பழஞ்சொல்லிலிருந்து பிறந்த அச்சொல்லிலேயே எதிர்மறை அடங்கியிருத்தலின், அதனை அடுத்து 'ஷுட்' வரலாம். 'நாட்' சேர்த்தால் கருத்து மாறும்.

இதற்கு மாறாக, 'ஆங்க்ஷஸ்' என்னும் சொல் இரு வகையையும் ஏற்கின்றது. அதனோடு 'ஷுட்' வரின் ஆவல். 'மைட்' வரின் அச்சம். 'அவன் வரவேண்டுமே என்று கவலை' என்னும் தமிழ்த் தொடருக்கு 'ஆங்க்ஷஸ் தட் ஹீ ஷுட் கம்' என்பது ஓரளவு நெருங்கி வருகின்றது. விருப்பத்தின் வாயிலாகக் கவலையைச் சொல்லும் தமிழ் வழக்கிற்கு ஆங்கிலத்தில் இடமளிக்கும் சொற்களுள் இது ஒன்று. அகராதிகள் 'கவலை' என்பதற்கு எதிரே 'வரி' என்பதையும் 'ஆங்சைட்டி' என்பதையும் அருகருகே தருவதோடு நின்றுவிடுவது போதாது.

'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஹீ ஹேஸ் லெஃப்ட்' என்பதில் அச்சம் இல்லை. அவர் போய்விட்டார் என்பதைத் தயக்கத்துடன் தெரிவிக்கும் பணிவே உண்டு. 'பயப்படுகிறேன்' என்று இதனைப் பெயர்ப்பது நகைப்பிற்கிடமாகும்.

இவ்வேறுபாடுகள் ஏட்டளவில் நின்றுவிடுவன அல்ல. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் பதிவாகும் சாட்சியம் மேல்முறையீட்டில் ஆங்கிலத்தில் படிக்கப்படுகின்றது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 100ஆம் பிரிவில், தற்காப்பில் உயிர்க்கொலை வரை செல்லும் உரிமையைக் கூறும்போது, இல்லையேல் சாவே விளையும் என்ற நியாயமான அச்சத்தை ஏற்படுத்தும் தாக்குதலைக் குறிப்பிட்டது. 2024 சூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவ்வுரிமை 38ஆம் பிரிவில் உள்ளது. அஞ்சப்படும் விளைவைக் கூறும் இடத்தில் சட்டத்தின் ஆங்கிலம் ஆளும் துணைவினை 'மே' அன்று, 'வில்'. ஒரு சாட்சி 'என்னைக் கொன்றுவிடுவானோன்னு பயந்துட்டேன்' என்று கூறியிருப்பின் மொழிபெயர்ப்பாளர் எதை எழுதுவது? ஓகாரம் ஐயப்பொருளது என்பதால் 'மைட்' என்று எழுதுவோர் உளர். அது பொருந்தாது. ஐயத்தை 'அஃப்ரெய்ட்' என்னும் சொல்லே ஏற்றுவிடுகின்றது. அதன்மேல் 'மைட்' சேர்க்கும்போது சாட்சி கூறாத தளர்ச்சி ஒன்று கூடுகின்றது. 'விடு' தரும் முற்றுப்பொருளும் அதில் மறைந்துபோகின்றது. 'ஐ வாஸ் அஃப்ரெய்ட் ஹீ வுட் கில் மீ' என்பதே இங்கு நேர்ப்பெயர்ப்பு. 'ஒருவேளை கொன்றாலும் கொன்றுவிடுவானோ' என்பது போலத் தமிழிலேயே வாய்ப்புக் குறைத்துக் கூறப்பட்ட இடத்தில்தான் 'மைட்' உரியது.