புள்ளி வைத்து எழுதிய தமிழ்

சகோதரிகளே, தீபாவளிக்கு வாசலில் கோலம் போடுகையில் முதலில் என்ன செய்கிறீர்கள்? நடுவே 7 புள்ளி. மேலும் கீழும் 6, 5, 4 என ஊடுபுள்ளி. ஒரு புள்ளி பிசகினால் கோலமே கோணிப்போகும்.

பழைய கணினித் திரையில் எழுத்துகளும் இப்படித்தான், கட்டத்துக்குள் புள்ளி வைத்தே உருவாயின. ஆங்கிலத்துக்கென வகுத்த கட்டம் அது! நம் மலேசியர் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' மென்பொருள் வேலையைத் தொடங்கியபோது, அதற்குள் தமிழை உட்கார வைப்பது லேசான காரியமா? 'ர' ஒல்லி, 'ணை' பருமன். 'கி' மேலே வளைகிறது, 'கூ' கீழே இறங்குகிறது. பின்னாளில் ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற 'இணைமதி' எழுத்துருவும் அவர் வடித்ததே.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கிறீர்களா? அச்சுக்குப் போகுமுன் மாதிரியை வாங்கிப் பாருங்கள். ஆங்கில வரிகளுக்கு விட்ட இடைவெளி தமிழுக்குப் போதாது. கீழிறங்கும் 'கூ'வின் வால் அடுத்த வரியில் முட்டும். புள்ளி அதில் மறைந்துபோனால் மாப்பிள்ளை குமரன் 'குமரன' ஆகிவிடுவார். பெண்வீட்டார் சும்மா இருப்பார்களா?