அனல் போன வழியே கேமரா

ரோமாபுரியில் கராகல்லா பொதுக் குளியல் கூடத்தைப் பார்த்து வருகிறவர்களின் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: நீல வானம், அதன் கீழ் மொட்டைச் செங்கல் சுவர். கி.பி. 216இல் திறக்கப்பட்ட அந்த இடத்தில் ஒரே நேரத்தில் ஏறக்குறைய 1,600 பேர் குளிக்கலாம் என்பார்கள். படத்தைப் பார்த்தால் கோட்டை என்றுதான் தோன்றும்.

முப்பது மீட்டர் சுவரைக் கேமராவை அண்ணாந்து பிடித்து எடுத்தால், அது பின்பக்கம் சாய்ந்து விழுவதுபோல் வரும். கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் ஷிஃப்ட் லென்ஸ் இதற்கென்றே இருக்கிறது. ஒரு மூலையில் யாராவது நடந்து போகும்வரை காத்திருப்பதும் நல்லது. ஆள் இல்லாத படத்தில் சுவரின் அளவு பிடிபடாது.

ஆனால் நிமிர்ந்த சுவர் மட்டும் குளியல் கூடம் ஆகிவிடாது. அடுப்பிலிருந்து வந்த அனல் தரைக்கு அடியில், குட்டைச் செங்கல் தூண்களுக்கு நடுவே பரவி, சுவருக்குள் பதித்த சுடுமண் குழாய்களில் ஏறியது. ரோமானியக் குளியல் கூடங்களில் தரை பெயர்ந்து அந்தத் தூண்கள் வெளியே தெரியும் இடம் கிடைத்தால் விடக்கூடாது. கேமராவைத் தரையோடு தாழ்த்தி, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுக்க வேண்டும்.

பொம்பெயி நகரின் ஃபோரம் குளியல் கூடத்தில், வெந்நீர் அறையின் வளைகூரையில் வரிவரியாகப் பள்ளங்கள் ஓடுகின்றன. வெறும் அலங்காரம் இல்லை. கூரையில் படிந்த நீராவி குளிப்பவர் தலையில் சொட்டாமல், பள்ளத்தோடு வழிந்து சுவரில் இறங்குவதற்கான ஏற்பாடு. நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்தால் பள்ளங்கள் தட்டையாகிவிடும். திறப்பு வழியே சாய்வாக வரும் வெளிச்சமே போதும். திறப்பு வெளுத்து அறை கறுத்துப் போகாமல் இருக்க, வெவ்வேறு வெளிச்ச அளவில் சில படங்கள் எடுத்து ஒன்றாக்குவார்கள். முக்காலி வைக்க முன் அனுமதி கேட்க வேண்டிவரலாம்.

கராகல்லாவின் வெந்நீர் மண்டபம் தென்மேற்கு நோக்கியது. பிற்பகல் வெயிலை உள்ளே வாங்கத்தான் அப்படிக் கட்டினார்கள். படமெடுக்கவும் அந்த நேரமே சரி. விழுந்துபோன கூரைக்கு மட்டும் வேறு இடம் போகவேண்டும். டயோக்ளீஷியன் குளியல் கூடத்தின் குளிர்நீர் மண்டபத்தை 1560களில் மைக்கேலாஞ்சலோ தேவாலயமாக மாற்றினார். குறுக்கு வளைவுக் கூரையும் எட்டுச் சிவப்புக் கருங்கல் தூண்களும் இன்றும் நிற்கின்றன. தரையை அவர் ஏறக்குறைய 2 மீட்டர் உயர்த்திவிட்டதால், படத்தில் தெரிவதைவிட அந்த மண்டபம் அவ்வளவு உயரம் கூடுதலாக இருந்திருக்கிறது.